இடுப்புக்கு மேலே மட்டும்: கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர் சுனில் குமாரின் பயணம்

மெர்சிங் - மல்யுத்தம் என்றதும் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தாரா சிங்கும் கிங் காங்கும் நினைவுக்கு வருவார்கள். இளையவர்களுக்குத் தொலைக்காட்சியில் நாற்காலியைத் தூக்கி அடிக்கும் அமெரிக்க மல்யுத்தம் நினைவுக்கு வரும். இந்த இரண்டுக்கும் வெளியே, 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் காலத்திலிருந்து இருந்துவரும் ஒரு மல்யுத்தம் உண்டு. அதன் பெயர் கிரேக்க-ரோமன் மல்யுத்தம். நம் வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத அந்த விளையாட்டையும், அதில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய வீரர் சுனில் குமாரையும் இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது.

சுருக்கக் குறிப்பு

பெயர்: சுனில் குமார்
ஊர்: சோனிபட் மாவட்டம், ஹரியானா, இந்தியா
விளையாட்டு: கிரேக்க-ரோமன் மல்யுத்தம்
எடைப் பிரிவு: 87 கிலோ
2019: ஆசிய வெற்றியாளர் போட்டியில் (சியான், சீனா) வெள்ளி
2020: ஆசிய வெற்றியாளர் போட்டியில் (புதுடில்லி) தங்கம்
2022: ஆசிய வெற்றியாளர் போட்டியில் (உலான்பாத்தர், மங்கோலியா) வெண்கலம்
2023: ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம்
2025: ஆசிய வெற்றியாளர் போட்டியில் (அம்மான், ஜோர்டான்) வெண்கலம்
விருது: 2023-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது

இது எந்த மல்யுத்தம்?

ஒலிம்பிக்கில் இரண்டு வகை மல்யுத்தம் நடக்கிறது. ஒன்று ஃபிரீஸ்டைல். அதில் எதிராளியின் காலைப் பிடித்து இழுக்கலாம், காலால் தட்டிச் சாய்க்கலாம், உடம்பில் எங்கு வேண்டுமானாலும் பிடி போடலாம். மற்றொன்று கிரேக்க-ரோமன். அதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. எதிராளியைச் சாய்க்க நம் காலையும் பயன்படுத்தக் கூடாது. கை, தோள், மார்பு, முதுகு ஆகியவற்றின் பலத்தால் மட்டுமே ஆளைத் தூக்கவோ உருட்டவோ எறியவோ வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிரீஸ்டைலில் மட்டுமே போட்டியிடுகிறார்கள். கிரேக்க-ரோமன் ஆண்களுக்கு மட்டும் உரியது.

ஒரு போட்டி மூன்று மூன்று நிமிடங்களாக இரண்டு சுற்றுகள் நடக்கும். நடுவில் 30 விநாடி ஓய்வு. எதிராளியின் இரண்டு தோள்களையும் விரிப்பில் அழுத்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அப்படி நடக்காதபோது புள்ளிகள்தான் முடிவு சொல்லும். நின்றிருப்பவரைக் கீழே கொண்டுவந்து பின்புறம் போய்ப் பிடித்தால் 2 புள்ளி. தரையில் இருப்பவரின் இடுப்பைக் கட்டி உருட்டி அவர் முதுகை விரிப்புக்குக் காட்டினால் 2 புள்ளி. தூக்கி எறியும் பெரிய வீச்சுகளுக்கு 4 அல்லது 5 புள்ளி. சண்டை போடாமல் நழுவிக்கொண்டே இருந்தால் எதிராளிக்குப் புள்ளி போகும்.

இன்னொரு விதி முக்கியமானது. கிரேக்க-ரோமன் பிரிவில் ஒருவர் 8 புள்ளி வித்தியாசத்தில் முன்னிலை பெற்றுவிட்டால், நேரம் எவ்வளவு மீதமிருந்தாலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவரை வெற்றியாளராக அறிவித்துவிடுவார். ஃபிரீஸ்டைலில் இந்த வித்தியாசம் 10. சுனில் குமாரின் மிகப் பெரிய நாளைப் புரிந்துகொள்ள இந்த எட்டுப் புள்ளி விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயரில் கிரேக்கமும் ரோமும் இருந்தாலும் இன்றைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவானது. நெப்போலியன் படையில் இருந்த ஒரு வீரர், இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்ற விதியுடன் ஊர் ஊராகப் போட்டிகள் நடத்தினார் என்றும், பழம்பெருமை சேர்ப்பதற்காக இந்தப் பெயர் பின்னால் வந்தது என்றும் சொல்லப்படுகிறது.

நமக்குப் புதியதல்ல

மற்போர் தமிழருக்கு அந்நியமான கலை அல்ல. காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனுக்கு மாமல்லன் என்று பெயர். மாமல்லபுரம் அவன் பெயரைத் தாங்கிய ஊர். அதற்கும் முன்னால், புறநானூற்றில் போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அந்த இளவரசனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் உறவு சரியில்லை. மகனின் வெற்றியைத் தந்தை வந்து பார்க்கக் கூடாதா என்று புலவர் ஆசைப்படுகிறார்.

மலாயா, சிங்கப்பூர் மண்ணிலும் மல்யுத்தத்துக்கு ஒரு காலம் இருந்தது. பஞ்சாபில் பிறந்த தாரா சிங் 1940களின் இறுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து, இங்கேதான் தொழில்முறை மல்யுத்த வீரராக உருவானார். ஹங்கேரியில் பிறந்து கிங் காங் என்ற பெயரில் ஆசியா முழுவதும் சுற்றிய எமில் சாயா 1970-இல் சிங்கப்பூரில் காலமானார். இருவரும் மோதும் செய்தி வந்தால் கூட்டம் கூடும். ஆனால் அவை கட்டணம் வாங்கி நடத்திய காட்சிப் போட்டிகள். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் கயிறு கட்டிய மேடை இல்லை, வேடம் இல்லை, முன்கூட்டியே பேசி வைத்த முடிவும் இல்லை. வட்டமிட்ட ஒரு விரிப்பு, சிவப்பு அல்லது நீல உடையில் இரண்டு பேர், ஆறு நிமிடம். அவ்வளவுதான்.

யாரும் திரும்பிப் பார்க்காத பிரிவு

சுனில் குமாரின் சொந்த மாவட்டமான சோனிபட் மல்யுத்தத்துக்குப் பேர்போனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற யோகேஷ்வர் தத்தும், தோக்கியோவில் வெள்ளி வென்ற ரவி தஹியாவும் அந்த மாவட்டத்துக்காரர்கள்தான். ஆனால் இருவரும் ஃபிரீஸ்டைல் வீரர்கள். 1952 ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வென்ற வெண்கலம் தொடங்கி 2024 பாரிசில் அமன் செஹ்ராவத் வென்ற வெண்கலம் வரை, இந்தியா மல்யுத்தத்தில் பெற்ற எட்டு ஒலிம்பிக் பதக்கங்களும் ஃபிரீஸ்டைலில் வந்தவை. கிரேக்க-ரோமனில் ஒன்றுகூட இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் மண் அகாடாக்களில் நடக்கும் குஸ்தியில் காலைப் பிடிப்பது இயல்பு. அங்கே வளரும் சிறுவனுக்கு ஃபிரீஸ்டைல் எளிதாக வரும். காலைத் தொடாதே என்று சொன்னால் அவன் பாதி ஆட்டத்தை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும். அடுத்தது பதக்க வாய்ப்பு. காமன்வெல்த் விளையாட்டுகளில் கிரேக்க-ரோமன் 2010-இல் டில்லியில் மட்டுமே இடம்பெற்றது. அந்த ஒரு வாய்ப்பிலேயே இந்தியா அப்பிரிவில் நான்கு தங்கம் வென்றது. 2014, 2018, 2022 காமன்வெல்த் போட்டிகளில் ஃபிரீஸ்டைல் மட்டுமே நடந்தது. 2026 கிளாஸ்கோ போட்டிப் பட்டியலில் மல்யுத்தமே இல்லை.

பதக்கம் குறைந்தால் பரிசுத் தொகை குறையும், வேலை வாய்ப்பு குறையும், பத்திரிகையில் பெயர் குறையும். ஹரியானாவில் ஒரு பையன் கிரேக்க-ரோமன் பக்கம் போகிறான் என்றால், வருமானம் தெரியாத ஒரு பாதையில் இறங்குகிறான் என்று பொருள். சுனில் அந்தப் பாதையில் இறங்கியவர்.

அவருக்கு முன்னால் நடந்தவர்கள்

பாதை முற்றிலும் காலியாக இருக்கவில்லை. 1962-இல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், மகாராஷ்டிராவின் கண்பத் அந்தல்கர் கிரேக்க-ரோமன் கனரகப் பிரிவில் தங்கம் வென்றார். 1993-இல் பப்பு யாதவ் 48 கிலோ பிரிவில் ஆசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முகேஷ் காத்ரி 55 கிலோவில் பங்கேற்றார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம் கிடைத்தது.

2013-ஆம் ஆண்டு இந்த விளையாட்டுக்கே சோதனையான ஆண்டு. 2020 முதல் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கலாம் என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் நிர்வாகக் குழு பிப்ரவரியில் பரிந்துரைத்தது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பி, விதிகள் மாற்றப்பட்டு, செப்டம்பர் மாதம் புவெனஸ் அயர்ஸ் கூட்டத்தில் மல்யுத்தம் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதே செப்டம்பரில் புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில், 66 கிலோ பிரிவில் சந்தீப் துளசி யாதவ் வெண்கலம் வென்றார். உலகப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் கிரேக்க-ரோமன் பதக்கம் அதுதான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹர்தீப் சிங் 98 கிலோவிலும் ரவீந்தர் காத்ரி 85 கிலோவிலும் பங்கேற்றார்கள். இருவருமே முதல் சுற்றைத் தாண்டவில்லை.

ஒரு புள்ளி தூரத்தில் தோல்வி

2019-இல் சீனாவின் சியான் நகரில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் சுனில் 87 கிலோ பிரிவின் இறுதி ஆட்டம் வரை போனார். அங்கே ஈரான் வீரரிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். அந்தக் காலத்தில் இந்திய கிரேக்க-ரோமன் அணிக்கு ஜார்ஜியா நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். இந்தப் பிரிவில் நீண்ட மரபு உள்ள நாடு ஜார்ஜியா.

அடுத்த ஆண்டு ஆசியப் போட்டி டில்லிக்கு வந்தது. நாள் 2020 பிப்ரவரி 18. இடம் இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் கே.டி. ஜாதவ் பெயரிலான உள்ளரங்கம். அரையிறுதியில் சுனிலுக்கு எதிரே நின்றவர் கஸகஸ்தானின் அஸமத் குஸ்துபாயேவ்.

ஆட்டம் சுனிலுக்குச் சாதகமாகப் போகவில்லை. ஒரு கட்டத்தில் புள்ளிப் பலகை 8-1 என்று காட்டியது. எட்டு குஸ்துபாயேவுக்கு, ஒன்று சுனிலுக்கு. முன்னே சொன்ன விதியை இங்கே நினைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஏழு. இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஓர் உருட்டல்கூட வேண்டாம், ஒரு சிறிய தவறு போதும்.

அந்த ஒரு புள்ளியை அவர் கொடுக்கவில்லை. அங்கிருந்து தொடர்ச்சியாக 11 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது 12-8 என்று சுனில் வென்றிருந்தார். எதிராளியின் எட்டு எட்டாகவே நின்றது.

இறுதியில் கிர்கிஸ்தானின் அஸாத் சாலிதினோவைச் சந்தித்தார். இந்த முறை பின்தங்கவே இல்லை. 5-0. பப்பு யாதவுக்குப் பிறகு 27 ஆண்டுகள் கழித்து கிரேக்க-ரோமனில் இந்தியாவுக்கு ஓர் ஆசியத் தங்கம் வந்தது. அதே நாளில் கர்நாடகாவைச் சேர்ந்த அர்ஜுன் ஹலகுர்க்கி 55 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். தென்னிந்தியாவிலிருந்து இந்தப் பிரிவில் ஒருவர் மேடையேறியதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

"சீனா வரவில்லையே" என்ற பேச்சு

எந்த வெற்றிக்குப் பின்னாலும் ஒரு குறை சொல்ல ஆள் இருக்கும். அந்த ஆண்டு கொரோனா தொற்றின் தொடக்க காலம் என்பதால் சீன அணி டில்லிக்கு வரவில்லை. அது உண்மைதான். பலமான ஓர் அணி இல்லாத போட்டியில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கிடைத்த தங்கம் என்று இதைச் சிறுமைப்படுத்த இடம் இருந்தது.

அதற்கான பதில் மூன்றரை ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2023-இல் இந்திய மல்யுத்தமே கலங்கிப்போயிருந்தது. சம்மேளனத் தலைமைக்கு எதிராக முன்னணி வீரர்களும் வீராங்கனைகளும் டில்லித் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததால் உலக மல்யுத்த அமைப்பு ஆகஸ்ட் மாதம் இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ஆசிய விளையாட்டு வந்தது.

2023 அக்டோபர் 4, ஹாங்சோ. முதல் ஆட்டத்திலேயே சுனிலுக்கு எதிராக வந்தவர் சீனாவின் பெங் ஃபெய். இப்போது அரங்கம் முழுவதும் எதிராளியின் ஊர்க்காரர்கள். சுனில் 4-3 என்று வென்றார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அடுத்துக் காலிறுதியில் தஜிகிஸ்தான் வீரரை 9-1 என்று எளிதாக வீழ்த்தினார். அரையிறுதியில் ஈரானின் நாசர் அலிஸாதேயிடம் 1-5 என்று தோற்றார்.

மல்யுத்தத்தில் ஒரு பிரிவுக்கு இரண்டு வெண்கலப் பதக்கங்கள் உண்டு. அரையிறுதியில் தோற்றவர்களுக்கும், இறுதிக்குப் போனவர்களிடம் முன்னதாகத் தோற்றவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கும். ஒரு தோல்வியோடு நாள் முடிந்துவிடாது, ஆனால் சில மணி நேரத்துக்குள் மனத்தைத் தேற்றிக்கொண்டு மறுபடி விரிப்பில் ஏற வேண்டும். சுனில் ஏறினார். கிர்கிஸ்தானின் அதாபெக் அசிஸ்பெகோவை 2-1 என்று வென்றார். குவாங்சோவுக்குப் பிறகு 13 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த கிரேக்க-ரோமன் பதக்கம் அது.

டில்லித் தங்கம் பெரிது. ஆனால் சீன மண்ணில் சீன வீரரைத் தாண்டி எடுத்த இந்த வெண்கலம், அந்தத் தங்கத்துக்குச் சாட்சி சொன்னது. 2024 ஜனவரி 9 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் திரௌபதி முர்முவின் கையால் அர்ஜுனா விருது பெற்றவர்களில் சுனில் குமாரும் ஒருவர்.

திறக்காத ஒலிம்பிக் கதவு

இத்தனைக்குப் பிறகும் சுனில் குமார் தோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. அந்த இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும் இந்தியாவிலிருந்து ஒரு கிரேக்க-ரோமன் வீரர்கூடத் தகுதி பெறவில்லை.

ஆசியத் தங்கம் வென்றவருக்கு ஒலிம்பிக் இடம் கிடைக்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் புரியும். உலக வெற்றியாளர் போட்டியில் கிரேக்க-ரோமனுக்குப் பத்து எடைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் ஆறு மட்டுமே: 60, 67, 77, 87, 97, 130 கிலோ. ஒவ்வொரு பிரிவிலும் உலகம் முழுவதிலிருந்தும் 16 பேருக்குத்தான் இடம். பாரிசுக்கு அந்த 16 இடங்கள் பிரிக்கப்பட்ட விதம் இது. உலக வெற்றியாளர் போட்டியிலிருந்து 5 பேர். ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா-ஓசியானியா ஆகிய நான்கு வட்டாரத் தகுதிச் சுற்றுகளிலிருந்து தலா 2 பேராக 8 பேர். கடைசி உலகத் தகுதிச் சுற்றிலிருந்து 3 பேர்.

ஆசிய வட்டாரத்தில் அந்த இரண்டு இடத்துக்கு மோதுபவர்கள் ஈரான், கஸகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஜப்பான், தென்கொரியா, சீனா. இந்த நாடுகளில் கிரேக்க-ரோமன்தான் முதல் விளையாட்டு என்று சொல்லும் ஊர்கள் உண்டு. மேலும், வழக்கமான ஆசியப் போட்டியில் வென்ற பதக்கம் ஒலிம்பிக் தகுதிக்குச் செல்லாது. தகுதிச் சுற்று நாளில், அந்த ஒரு நாளில், வெல்ல வேண்டும்.

ஒலிம்பிக்குக்குப் போகாததால் ஒரு வீரரின் வாழ்க்கை வீணாகிவிட்டதா? சுனில் குமாரின் அடுத்த செயல் அதற்குப் பதில் தருகிறது. பாரிஸ் முடிந்த மறு ஆண்டு, 2025 மார்ச்சில், அம்மானில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டிக்கு அவர் வந்தார். அரையிறுதியில் ஈரானின் யாசின் யஸ்தியிடம் 1-3 என்று தோற்றார். பிறகு சீனாவின் ஹுவாங் ஜியாசினை 5-1 என்று வென்று வெண்கலம் எடுத்தார். 2019-இல் வெள்ளி வென்ற அதே 87 கிலோ பிரிவில், ஆறு ஆண்டுகள் கழித்தும் ஆசியாவின் மேடையில் நின்றார்.

உலக உச்சத்தில் இருவர்

இந்த விளையாட்டின் உயரம் எவ்வளவு என்று அறிய இரண்டு பெயர்கள் போதும். ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். பல ஆண்டுகள் அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. விரிப்பில் கவிழ்ந்து கிடக்கும் 130 கிலோ எதிராளியைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கித் தலைக்கு மேலாக எறிவது அவருடைய தனி வித்தை. 2000 சிட்னி இறுதியில் அமெரிக்காவின் ரூலன் கார்ட்னரிடம் 0-1 என்று தோற்றபோது உலகமே நம்ப மறுத்தது.

மற்றவர் கியூபாவின் மிஹாயின் லோப்பஸ். 2004-இல் ஏதென்சில் பதக்கம் இல்லாமல் திரும்பியவர். பிறகு 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ, தோக்கியோ, 2024 பாரிஸ் என ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றார். ஒரே தனிநபர் போட்டியில் ஐந்து முறை தங்கம் வென்ற முதல் ஒலிம்பிக் வீரர் அவர்தான். பாரிசில் இறுதி ஆட்டத்தை 6-0 என்று வென்றபோது அவருக்கு வயது 41. ஆட்டம் முடிந்ததும் காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு நடந்தார். மல்யுத்த வீரர்கள் ஓய்வை அறிவிக்கும் மரபு அது.

மெர்சிங் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

மெர்சிங்கைப் பலர் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊராகத்தான் அறிவார்கள். ஆனால் இங்கிருந்து ஜெமாலுவாங், குளுவாங் பக்கம் போகும் சாலையோரத் தோட்டங்களில் நம் மக்களின் வாழ்க்கை வேறு. செம்பனைக் குலையைக் கொக்கியால் இழுத்துத் தூக்கி வண்டியில் எறிகிறவரின் தோளையும் முதுகையும் பார்த்தவர்களுக்கு, கிரேக்க-ரோமன் எந்தத் தசைகளைக் கேட்கிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளித் திடலில் கபடி ஆடும் பிள்ளைகளுக்குப் பிடிப்பதும், பிடித்தவரை இழுத்துக்கொண்டு போவதும் பழக்கமான வேலைதான்.

நம் நாட்டில் மல்யுத்தம் பெரிய விளையாட்டு அல்ல. பள்ளியில் அதைக் கற்றுத்தரும் ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆனாலும் சீ விளையாட்டில் இதற்கு இடம் உண்டு. 2022 மே மாதம் வியட்நாமில் நடந்த சீ விளையாட்டில் கிரேக்க-ரோமன் பிரிவு நடந்தது. அதில் ஆதிக்கம் செலுத்திய நாடு வியட்நாம். நம்மைப் போன்ற வெயிலும் நம்மைப் போன்ற உடலமைப்பும் உள்ள நாடுதான்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் நேராக மல்யுத்தத்துக்குப் போக வழியில்லை என்றால் ஜூடோவில் தொடங்கலாம். விழுவது எப்படி, பிடியை உடைப்பது எப்படி, எதிராளியின் எடையை அவருக்கு எதிராகவே திருப்புவது எப்படி என்பவற்றை ஜூடோ கற்றுத்தரும். கபடி உடலை உறுதியாக்கும். சிலம்பம் காலடியைச் சரிப்படுத்தும்.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆளைத் தூக்கிப் பின்னால் எறியும் வீச்சுகளைக் காணொளி பார்த்துத் திடலிலோ கடற்கரை மணலிலோ பிள்ளைகள் முயற்சி செய்யக் கூடாது. கழுத்தெலும்புக்கு ஆபத்து. பயிற்சியாளரும் சரியான விரிப்பும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். அடுத்தது எடை குறைப்பு. சிறிய பிரிவில் ஆட வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல், வியர்வை உடை போட்டு ஓடுவது வளரும் உடலைக் கெடுக்கும். பிள்ளை எந்த எடையில் நலமாக இருக்கிறானோ அந்த எடையில் ஆடட்டும்.

விளையாட்டு சோறு போடுமா என்பது தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. கேள்வியில் தவறில்லை. புகழ் குறைந்த ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்த சுனில் குமாருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். ஒலிம்பிக் கதவு இருமுறை மூடியும் அவர் விரிப்பை விட்டு இறங்கவில்லை. 8-1 என்று பலகை காட்டிய நேரத்தில், இன்னும் ஒரு புள்ளியில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில், அவர் அடுத்த பிடியைத் தேடினார். பிள்ளைகள் அவரிடம் கற்க வேண்டியது அதுதான்.

பெற்றோர் கற்க வேண்டியது சாத்தந்தையாரின் பாட்டில் இருக்கிறது. மகன் மற்போரில் வென்றுகொண்டிருக்கும்போது தந்தை அங்கே இல்லை என்பதுதான் அந்தப் புலவரின் வருத்தம். அடுத்த முறை உங்கள் பிள்ளை கபடியோ ஜூடோவோ ஆடும் நாளில், வேலையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டுத் திடலோரம் போய் நில்லுங்கள். வென்றாலும் தோற்றாலும் அவன் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.